பழைய அலுமினியப் படகைப் புதுப்பித்தல்: ஓர் உலோக வியாபாரியின் குறிப்புகள்

அலுமினியம் என்றால் நம் வீடுகளில் இட்டலிப் பானை, சோறு வடிக்கிற குண்டான், ஜன்னல் சட்டம், இவ்வளவுதான் நினைவுக்கு வரும். இதே உலோகத்தில் மீன்பிடிப் படகும் உண்டு என்று சொன்னால், "தண்ணீரிலேயே கிடந்தால் அரித்துப் போகாதா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது என்பதால், மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது இதையே எழுதலாம் என்று தீர்மானித்தேன். நான் வந்தவாசிப் பக்கத்து நயினார் வீட்டுப் பிள்ளை. பம்பாய் கிகா வீதியில் நாற்பது வருஷமாக அலுமினியத் தகடும் பட்டையும் விற்கிறேன். கல்லூரிப் படிப்பு கிடையாது. கல்லாவில் உட்கார்ந்து கற்றதும், ராத்திரியில் புத்தகம் பார்த்துக் கற்றதும்தான் என் படிப்பு.

மண்ணில் ஏராளமாகக் கிடக்கிற உலோகம் இது. ஆனாலும் பிரித்தெடுப்பது கஷ்டமாக இருந்ததால் ஒரு காலத்தில் அருமைப் பொருளாக இருந்தது. 1886இல் அமெரிக்காவில் ஹால் என்பவரும் பிரான்சில் எரூ என்பவரும், ஒருவரை ஒருவர் அறியாமலே, மின்சாரத்தால் பிரிக்கும் வழியைக் கண்டார்கள். விலை இறங்கியது. பன்னிரண்டே வருஷத்தில், 1898இல், சென்னைக் கலைத் தொழிற்பள்ளியில் ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் அலுமினியப் பாத்திரம் அடிக்கும் வேலையைத் தொடங்கி வைத்தார். நம் சமையலறைக்கு அலுமினியம் வந்த கதை அங்கிருந்து தொடங்குகிறது.

படகின் கதை வேறு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படைக்கு விமானம் செய்து கொடுத்த கம்பெனி கிரம்மன். அதன் அதிகாரிகளில் ஒருவரான வில்லியம் ஹாஃப்மன் 1944இல் விடுமுறைக்குப் போன இடத்தில் கனமான மரத்தோணியைத் தோளில் சுமக்க வேண்டி வந்தது. விமானத் தகட்டிலேயே தோணி செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. போர் முடிந்து விமான ஆர்டர்கள் குறைந்த சமயம். தகடும் இருந்தது, ரிவெட் அடிக்கத் தெரிந்த ஆட்களும் இருந்தார்கள். மினசோட்டா மாநிலத்தில் 1946இல் அலுமாகிராஃப்ட், 1948இல் லண்ட் என்று படகுக் கம்பெனிகள் வரிசையாக எழுந்தன. ஏரிகள் நிறைந்த அந்த மாநிலத்தில் பன்னிரண்டு முதல் பதினாறு அடி வரையிலான அலுமினியப் படகு, நம் ஊரில் சைக்கிள் மாதிரி சாதாரணமாகிவிட்டது. நம் கடற்கரையில் கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் பிறகு ஃபைபர் படகுதான் பரவியது. அதனால் இந்தச் சரக்கு நமக்கு அறிமுகமில்லை.

இதைக் கையால் தொட்டு அறியும் வாய்ப்பு 2023 கோடையில் மினசோட்டாவில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது கிடைத்தது. மாப்பிள்ளை பதினான்கு அடிப் படகு ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கி வைத்திருந்தார். அமெரிக்காவில் 1972 நவம்பர் 1 முதல் தயாரான எல்லாப் படகுகளுக்கும் பின்பக்கம் வலது மூலையில் பன்னிரண்டு எழுத்து கொண்ட அடையாள எண் பொறித்திருக்க வேண்டும். கடைசி எழுத்துகளில் தயாரித்த காலம் அடங்கியிருக்கும். அதைப் படித்து 1974ஆம் வருஷத்துச் சரக்கு என்று தெரிந்துகொண்டோம். மீன்பிடிப் படகில் சமணனுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். மாப்பிள்ளையும் மீன் பிடிக்கிறவர் அல்லர். பிள்ளைகளை ஏரியில் அழைத்துப் போகத்தான் வாங்கினார். பிடித்த மீனை உயிரோடு வைக்கும் தொட்டி ஒன்று நடுவில் இருந்தது. அதை எடுத்துவிடலாம் என்று சொன்ன முதல் ஆள் நான்தான். அந்த இடம் பின்னால் வேறொன்றுக்கு உதவியது, அதைப் பிறகு சொல்கிறேன்.

பழைய படகை வாங்கினவர்கள் எல்லோரும் செய்ய ஆசைப்படுவது பெயிண்ட். கடைசியில் செய்ய வேண்டியது அது. முதலில் பார்க்க வேண்டியது எங்கே ஒழுகுகிறது என்பது. தண்ணீரில் இறக்கிப் பார்த்தால் உள்ளே வருவது தெரியும், எந்த வழியாக வருகிறது என்பது தெரியாது. அதனால் வண்டியின் மேலேயே படகை நிறுத்தி, உள்ளே தண்ணீர் விட்டு, அடியில் படுத்து எங்கே சொட்டுகிறது என்று பார்த்து மெழுகுக் கட்டியால் வட்டம் போட வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதை மறக்கக் கூடாது. இந்த அளவுப் படகின் உடம்பே சுமார் நூறு கிலோதான். முந்நூறு லிட்டர் ஊற்றினால் அதைப் போல மூன்று மடங்கு பாரம். நடுமுதுகு நெடுகிலும் கட்டை கொடுத்துத் தாங்காமல் ஊற்றினால், ஒழுகாத இடமும் ஒழுகும். நாங்கள் நாலு விரற்கடை ஆழம்தான் விட்டோம். பத்தொன்பது வட்டம் விழுந்தது. எல்லாம் ரிவெட் வரிசையில். தகட்டில் ஒன்றுகூட இல்லை.

ரிவெட் ஏன் தளர்கிறது? படகு அலையில் அடிபடும்போது தகடு ஒவ்வொரு முறையும் மயிரிழை அளவு வளைந்து நிமிர்கிறது. ஐம்பது வருஷம் அப்படி அசைந்தால் துளை சற்றே அகன்று, ரிவெட் அதில் ஆடத் தொடங்கும். நம் வாணலிக் கைப்பிடி ஆடுகிறதே, அதே கதைதான். பாத்திரக்காரன் என்ன செய்கிறான்? அடியில் கனமான இரும்பை வைத்து மேலே சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி இறுக்குகிறான். படகுக்கும் அதே வைத்தியம், ஆனால் இரண்டு ஆள் வேண்டும். வெளியே ரிவெட் தலையில் கனமான இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க ஒருவர், உள்ளே வாலைத் தட்ட ஒருவர். நான் பிடித்தேன், மாப்பிள்ளை தட்டினார். "போதும் மாமா, கை வலிக்கும்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். கட்டி ஒரு நூல் விலகினாலும் தகடு பள்ளமாகும் என்பதால் நான் விடவில்லை. பதினான்கு ரிவெட் இப்படியே இறுகிவிட்டது.

மீதி ஐந்தையும் துளையிட்டு எடுத்துவிட்டுப் புதிது போட்டோம். கெட்டியான, உள்ளே துவாரமில்லாத அலுமினிய ரிவெட்தான் போட வேண்டும். பாப் ரிவெட் என்று ஒரு பக்கத்திலிருந்தே துப்பாக்கியில் இழுத்து அடிக்கிற ஜாதி, நம் ஜன்னல் வேலைக்காரர்கள் எல்லோர் கையிலும் இருக்கிறதே, அது நடுவில் பொள்ளல். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே அதைப் போட்டால் அந்தத் துவாரமே ஒழுகும். முனை மூடின வகையும் கிடைக்கிறது, கை நுழையாத மூலைக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். ரிவெட்டின் நீளத்துக்கும் கணக்கு உண்டு. தகடுகளைத் தாண்டி வெளியே நீட்டியிருக்கும் வால், ரிவெட் கனத்தைப் போல ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். குறைந்தால் தலை சரியாகப் பரவாது, கூடினால் வளைந்து சாயும்.

வெல்டிங் வைத்து மூடினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். ஆனால் அதன் மேல் படிந்திருக்கிற ஆக்ஸைடு படலம் இரண்டாயிரம் டிகிரியைத் தாண்டினால்தான் உருகும். இரும்பு மாதிரி சிவந்து எச்சரிக்கையும் கொடுக்காது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொத்தென்று ஓட்டை விழும். போதாததற்கு, படகுத் தகடு உருட்டி அழுத்தியதால் பலம் பெற்றது. சூடு பட்ட இடம் அந்தப் பலத்தை இழந்து மெத்தென்றாகிவிடும். கைதேர்ந்தவர் தவிர மற்றவர் தொடக் கூடாத வேலை. ரிவெட் வரிசையின் உட்புறம் இபாக்ஸி பூசுவது வழக்கம், நாங்களும் பூசினோம். ஆனால் ஆடுகிற ரிவெட்டை இறுக்காமல் மேலே பூசினால் ஒரு பருவம்கூட நிற்காது.

இனி முக்கியமான விஷயம். படகின் பின்புறத்தில் மோட்டாரைத் தாங்க ஒரு பலகை உண்டு. அது அலுமினியம் அல்ல, மரம். இரண்டு முக்கால் அங்குல ஒட்டுப்பலகையை ஒன்றாகச் சேர்த்து, இரு பக்கமும் தகடு போர்த்தியிருப்பார்கள். வெளியே பளபளப்பு இருக்கும், உள்ளே மரம் மக்கிப் போயிருக்கும். சுத்தியலால் தட்டினால் நல்ல மரம் கணீரென்று சொல்லும், மக்கின மரம் சொத் என்று சொல்லும். மோட்டாரைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் பலகை அசைகிறதா என்று பார்க்கலாம். எங்கள் படகில் ஸ்க்ரூ டிரைவர் முனை வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. நாற்பது கிலோ மோட்டார் இந்தப் பலகையில்தான் தொங்குகிறது. படகை முன்னே தள்ளுகிற முழு விசையும் இதன் வழியாகத்தான் போகிறது. நடு ஏரியில் இது பிய்ந்தால் மோட்டார் மட்டும் போகாது, பின்பக்கம் திறந்துகொள்ளும். பிள்ளைகள் உட்காரப் போகிற படகு.

மாப்பிள்ளை கடையிலிருந்து மருந்து ஏற்றின பச்சை நிற ஒட்டுப்பலகை வாங்கிவர நினைத்தார். மண்ணில் புதைத்தாலும் கரையான் தொடாது, மக்காது, விலையும் மலிவு. அவர் சொன்னது அத்தனையும் உண்மை. நான் வேண்டாம் என்றேன். அந்த மருந்து செம்பு. 2003 முடிவு வரை வீட்டு உபயோகத்துக்கு விற்ற பலகையில் செம்போடு குரோமியமும் ஆர்சனிக்கும் இருந்தன. விஷம் என்று அதை நிறுத்தின பிறகு வந்த மருந்துகளில் செம்பின் அளவு இன்னும் கூடியது. செம்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால் அது ஒரு பேட்டரி. அதில் கரைகிறது எப்போதும் அலுமினியம்தான்.

இதைப் பார்க்க மினசோட்டா போக வேண்டாம். கடல் காற்றடிக்கிற தாதரிலோ வொர்லியிலோ குடியிருப்பவர்கள், அலுமினிய ஜன்னலில் இரும்பு ஸ்க்ரூ போட்ட இடத்தைச் சுற்றிப் பாருங்கள். வெள்ளை மாவு பூத்திருக்கும். அலுமினியம் தனியாக இருந்தால் காற்றுப் பட்ட கணமே மெல்லிய ஆக்ஸைடு போர்வையைத் தானே போர்த்திக்கொண்டு தன்னைக் காத்துக்கொள்ளும். அதனால்தான் ஐம்பது வருஷத்துப் படகுத் தகட்டில் ஓட்டையில்லை. வேறு உலோகத்தின் சகவாசமும் உப்பும் ஈரமும் சேர்ந்தால் அந்தப் போர்வை கிழிந்துவிடும். இரும்பை விடச் செம்பு இதில் இன்னும் கொடியது.

வாதம் வேண்டாம் என்று ஒரு பாட்டிலில் உப்புத் தண்ணீர் விட்டு, செம்புக் கம்பி சுற்றிய தகட்டுத் துண்டு ஒன்றும், சுற்றாத துண்டு ஒன்றும் போட்டு ஜன்னலில் வைத்தேன். அடுத்த வாரம் அவரே எடுத்துப் பார்த்தார். கம்பி தொட்ட இடத்தில் குழி விழுந்து வெள்ளையாகக் கசிந்திருந்தது. மற்றத் துண்டு வெறுமே மங்கியிருந்தது. சாதாரண, ஆனால் நீர் புகாத பசையில் ஒட்டின நல்ல ஒட்டுப்பலகை வாங்கினோம். பழைய பலகையைத் துண்டு துண்டாகப் போனாலும் ஒன்றாக வைத்து அச்செடுத்துக்கொள்வது அவசியம், உயரம் மாறினால் மோட்டார் சரியாக இறங்காது. போல்ட் துளைகளையெல்லாம் முதலில் போட்டுவிட்டு, துளையின் உட்புறம் உட்பட மூன்று கை இபாக்ஸி பூசினோம். ஓரங்கள்தான் தண்ணீரைக் குடிக்கும், அங்கே இரட்டிப்பாக. ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே நைலான் வாஷரும் பசையும் வைத்தோம். ஸ்டெயின்லெஸ்ஸும் அன்னிய உலோகம்தானே.

மீன்தொட்டி இருந்த இடத்துக்கு வருகிறேன். அலுமினியம் லேசானது என்பதால் மிதக்கும் என்று நினைப்பது தவறு. அது தண்ணீரைப் போல 2.7 மடங்கு கனம். தண்ணீர் நிரம்பிவிட்டால் நூறு கிலோப் படகு சுமார் 63 கிலோ எடையோடு கீழே இழுக்கும். அதற்காக இருக்கைகளுக்கு அடியில் நுரைப்பஞ்சுக் கட்டிகளை அடைத்திருப்பார்கள். ஒரு கன அடி நல்ல நுரை ஏறக்குறைய 27 கிலோவைத் தாங்கும். அதன் சொந்த எடை ஒரு கிலோதான். எங்கள் படகிலிருந்து எடுத்த கட்டியைத் தராசில் வைத்தால் கன அடிக்கு ஒன்பது கிலோ காட்டியது. இத்தனை வருஷமாகத் தண்ணீரைக் குடித்து வைத்திருந்தது. அமெரிக்காவில் 1978க்குப் பிறகு வந்த சிறு மோட்டார் படகுகள், தண்ணீர் நிரம்பினாலும் கவிழாமல் மட்டமாக மிதக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இது அதற்கு முந்திய படகு, ஆகவே கணக்கு நம் பொறுப்பு. ஈர நுரையை எல்லாம் எடுத்துவிட்டு, தொட்டி இருந்த இடத்தையும் சேர்த்துப் புது நுரை அடைத்தோம். வெள்ளைத் தெர்மகோல் மலிவு, ஆனால் பெட்ரோல் பட்டால் கரைந்துவிடும்.

பெயிண்ட் பற்றிக் கொஞ்சம். பழைய பெயிண்டை எடுக்கக் காஸ்டிக் சோடா கலந்த எதையும் அருகில் கொண்டுவரக் கூடாது. தகட்டையே தின்று ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். இரும்புக் கம்பி பிரஷ்ஷும் வேண்டாம், அதன் துகள் தகட்டில் பதிந்து மறுபடி அதே பேட்டரி வேலை. பழைய பூச்சில் ஈயம் இருக்கலாம், முகமூடி போட்டுக்கொண்டு தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். வெறும் அலுமினியத்தில் சாதாரணப் பெயிண்ட் நிற்காது, ஆக்ஸைடைப் பற்றிக்கொள்ளும் எட்சிங் பிரைமர் முதலில். பாசி பிடிக்காமலிருக்க அடியில் பூசுகிற செம்பு கலந்த பெயிண்டை விற்பனையாள் சிபாரிசு செய்தால், மரியாதையாக மறுத்துவிடலாம்.

ஜூலை இறுதியில் ஏரியில் இறக்கினோம். இரண்டு மணி நேரம் கழித்து அடியில் ஒரு டம்ளர் தண்ணீர்கூட இல்லை. அந்த ஊரில் நவம்பர் வந்தால் எல்லாம் உறைந்துவிடும், உறையும் தண்ணீர் ஒன்பது சதவிகிதம் போல விரியும். தகட்டு மடிப்பில் நின்ற ஒரு கரண்டித் தண்ணீரும் ரிவெட்டை நெம்பிவிடும். அதனால் பனிக்காலத்தில் அடைப்பானைக் கழற்றிவிட்டு, அணியத்தைச் சற்றுத் தூக்கி, தார்ப்பாய் போட்டு வைக்கும்படி மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு வந்தேன். கட்டைகள் மீது கவிழ்த்து வைத்தால் இன்னும் நல்லது.