பவானி ஆற்றுப் படுகையில் நிலப்பயன்பாட்டு மாற்றமும் சூழல்மண்டலச் சேவைகளும்

இயற்கையிடமிருந்து மனிதர் பெறும் பயன்கள் சூழல்மண்டலச் சேவைகள் எனப்படுகின்றன. இவை வழங்கல், ஒழுங்குபடுத்தல், ஆதரவு, பண்பாடு என நான்காக வகைப்படுத்தப்படுகின்றன. ஓர் ஆற்றுப் படுகையில் நிலத்தைப் பயன்படுத்தும் முறை மாறும்போது, ஒரு சேவை பெருகி மற்றொன்று குறைவதுண்டு. பவானிப் படுகை இதற்குத் தக்க சான்று.

படுகை

நீலகிரியில் தோன்றும் பவானி, கேரளத்தின் அட்டப்பாடி வழியாகச் சென்று மீண்டும் தமிழகத்திற்குள் நுழைகிறது. மாயாறு இதனுடன் சேருமிடத்தில் பவானிசாகர் அணை உள்ளது. இந்த அணையின் கீழ்பவானிக் கால்வாய் சுமார் 2,07,000 ஏக்கர் நிலத்திற்குப் பாசனம் தருகிறது. ஆறு கூடுதுறையில் காவிரியுடன் கலக்கிறது.

மலையில் ஏற்பட்ட மாற்றம்

நீலகிரியின் மேல்மட்டத்தில் பள்ளங்களில் சோலைக்காடுகளும், சரிவுகளில் புல்வெளிகளும் இருந்தன. மழைநீர் மண்ணில் ஊறி, மழையற்ற மாதங்களிலும் ஓடைகளில் கசிந்தது. 19ஆம் நூற்றாண்டு முதல் இந்நிலங்களில் தேயிலை, கற்பூர மரம் (யூகலிப்டஸ்), சீகை மரம், உருளைக்கிழங்கு, காரட் ஆகியவை இடம்பிடித்தன.

அளந்தறிந்த விளைவு

உதகை மண்வளப் பாதுகாப்பு ஆய்வு மையம், கிளன்மார்கன் பகுதியில் அருகருகே உள்ள இரு சிறு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டது. ஒன்று புல்வெளியாகவே விடப்பட்டது. மற்றொன்றில் 1972இல், பரப்பில் 59 விழுக்காட்டில் கற்பூர மரம் நடப்பட்டது. முதல் பத்தாண்டுச் சுழற்சியில் நீர்வரத்து சுமார் 16 விழுக்காடு குறைந்தது. வெட்டிய அடிமரங்கள் துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுழற்சியில் குறைவு சுமார் 25 விழுக்காடானது. வறண்ட மாதங்களின் ஓட்டமும் குறைந்தது. மரங்கள் புல்லைவிட ஆழத்திலிருந்து நீரை உறிஞ்சி ஆவியாக்குவதே இதற்குக் காரணம்.

செங்குத்தான சரிவில் காய்கறி பயிரிடும்போது விளைவு வேறு. உழுத மண் மழையில் அரித்துச் சென்று அணைகளில் வண்டலாகப் படிகிறது, கொள்ளளவு குறைகிறது.

இலாபமும் இழப்பும்

மரமும் தேயிலையும் மலையில் வருமானமும் வேலையும் தந்தன. நீர் குறைவின் சுமையோ கடைமடை உழவரைச் சேர்கிறது. புல்வெளி சுருங்கியதால் வரையாட்டின் வாழிடமும், தோடர்களின் எருமை மேய்ச்சல் நிலமும் குறைந்தன. எனவே "மரம் நட்டால் நீர் பெருகும்" என்னும் பொதுக்கருத்து எல்லா நிலத்திற்கும் பொருந்தாது.

தீர்வுகள்

எஞ்சிய சோலைகளையும் புல்வெளிகளையும் காத்தல், அயல் மரங்களைப் படிப்படியாக அகற்றுதல், சரிவுகளில் படிமட்டம் அமைத்துப் பயிரிடுதல் ஆகியவை பயன்தரும். சீகை விதைகள் மண்ணில் நெடுங்காலம் உயிருடன் கிடக்கும். ஆதலால் மரத்தை வெட்டியபின் முளைக்கும் கன்றுகளையும் தொடர்ந்து களைய வேண்டும்.