ஒட்டுக் கத்தரியில் மறுவிதை எடுக்கலாமா?

வீரிய ஒட்டுக் கத்தரியின் காயினின்று மறுபோகத்திற்கு விதையெடுப்பது சிக்கனமாகத் தோன்றும், பலனோ வேறு. மெண்டல் பாதிரியார் 1866-ஆம் ஆண்டில் வெளியிட்ட பட்டாணிச் சோதனையில், நெட்டையையும் குட்டையையும் இணைத்துப் பெற்ற முதல் தலைமுறை முழுதும் நெட்டை. அவற்றின் விதையில் முளைத்த 1,064 செடிகளிலோ 787 நெட்டை, 277 குட்டை. மறைந்திருந்த குணம் மீண்டது. கத்தரியில் நிறம், முள், காய்ப்பு எனப் பல குணங்கள் இவ்வாறே சிதறுமாதலால் சந்தைக்கு ஒரு சீரான காய் கிட்டாது. ஒட்டு விதையை ஒவ்வொரு போகத்திற்கும் புதிதாகவே வாங்குதல் வேண்டும்.

பொறுக்கு ரகங்களுக்கு இவ்விதி இல்லை. கோயமுத்தூரில் வெளியிடப்பெற்ற கோ. 2 கத்தரி, வரிக்கத்தரி என்னும் உள்ளூர் இனத்தினின்று தேர்ந்தெடுக்கப்பட்டது. பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதால் குணம் நிலைக்கும். எனினும் தேனீக்கள் அயல் மகரந்தம் கொணரும். ஆகவே விதைக்கு விடும் பூவை மலருமுன் மெல்லிய துணிப்பையால் மூடி, காய் மஞ்சளாகப் பழுத்த பின்னரே விதை எடுக்கவும்.