வராதவர்களை எண்ணுங்கள்



நமது தவளக்குப்பத்திலிருந்து கடற்கரையை நோக்கிச் சென்றால் நல்லவாடு என்னும் மீனவக் கிராமம் வரும். 26.12.2004 அன்று காலை எழுந்த சுனாமிப் பேரலையில் காரைக்காலில் மட்டும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். நல்லவாட்டிலும் வீடுகள் இடிந்தன, படகுகள் நொறுங்கின. ஆயினும் ஏறத்தாழ 3,600 பேர் வாழ்ந்த அவ்வூரில் அலைக்கு ஒருவரும் பலியாகவில்லை. சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர் செய்தியறிந்து தம் வீட்டாரைத் தொலைபேசியில் எச்சரித்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கு அமைத்திருந்த அறிவு மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் அனைவரையும் ஓடச் சொன்னார்கள் ஊரார். அந்த ஒலிபெருக்கி அன்று புதிதாக முளைத்ததன்று. கடலின் நிலையை நாள்தோறும் ஊருக்கு அறிவித்து வந்த அதே கருவிதான். வீட்டுக்குள் இருந்தவரையும் கரையில் நின்றவரையும் அது ஒன்றுபோல எட்டியது.

இதை நான் இருபது ஆண்டுகளுக்குப் பின் நினைத்துப் பார்க்கக் காரணம் உண்டு.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. ஒரு நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. நகரின் கிருஷ்ணா நகரில் மக்களை மீட்க ராணுவம் வர வேண்டியதாயிற்று. மழை ஓய்ந்தது என்று மூச்சு விடுமுன், சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் தென்பெண்ணையில் பெருகி, பாகூர்ப் பகுதிக் கிராமங்களைச் சூழ்ந்தது. நம் மஹல்லாவில் இளைஞர்கள் உடனே அடுப்பு மூட்டினார்கள். யார், எவர் என்று கேளாமல் வந்தவர்களுக்கெல்லாம் உணவு கொடுத்தோம். எத்தனை பொட்டலம் போயிற்று என்று இரவில் கணக்கும் எழுதினோம். உள்ளபடியே சொல்கிறேன், அந்த எண்ணிக்கையைப் பார்த்து என் மனம் சற்றுப் பெருமை கொண்டது.

மூன்றாம் நாள் அஸர் தொழுகைக்குப் பின் பிறமதச் சகோதரி ஒருவர் பள்ளிவாசல் வாசலில் வந்து நின்றார். "ஹஜ்ரத், எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டியை உங்கள் ஆட்கள் பார்த்தீர்களா?" என்றார். நாங்கள் பார்க்கவில்லை. தனியாக வாழும் அந்த மூதாட்டி, முழங்கால் அளவு நீர் நின்ற வீட்டில் கட்டிலின்மேல் அமர்ந்திருந்தார். சர்க்கரை நோய்க்கான மாத்திரைகள் நனைந்து கரைந்துவிட்டன. அந்தச் சகோதரி தம் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கஞ்சிதான் மூன்று நாள் உணவு. ஏன் சொல்லியனுப்பவில்லை என்று கேட்டேன். "வரிசையில் நிற்க வெட்கமாக இருந்தது ஹஜ்ரத். கொடுத்துத்தான் பழக்கம்" என்றார். அல்லாஹ்வின் கிருபையால் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம், பிழைத்துக்கொண்டார். நான்கைந்து தெருக்கள் கொண்ட மஹல்லாவில், ஜமாஅத்தின் பார்வையிலிருந்து ஓர் உயிர் மூன்று நாள் தவறியிருந்தது.

சகோதரர்களே! ஹிஜ்ரி 18ஆம் ஆண்டில் ஹிஜாஸில் கடும் பஞ்சம் வந்தது. மண் சாம்பலாகப் பறந்ததால் அதைச் சாம்பல் ஆண்டு என்றே அழைத்தார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாமுக்குக் கடிதம் எழுதித் தானியம் வரவழைத்தார்கள். மக்களின் துன்பம் நீங்கும் வரை தாம் நெய்யும் இறைச்சியும் உண்பதில்லை என்று இருந்தார்கள். இவை நாம் அடிக்கடி கேட்ட செய்திகள். ஆனால் வரலாற்றாசிரியர் இப்னு ஸஅத் பதிவு செய்துள்ள மற்றொன்றை நாம் அதிகம் பேசுவதில்லை. ஓர் இரவு உணவு முடிந்தபின், நம்மிடம் உண்டவர்களை எண்ணுங்கள் என்று கலீஃபா பணித்தார்கள். ஏழாயிரம் பேர் இருந்தார்கள். அத்தோடு விடவில்லை. வர இயலாத குடும்பத்தினரையும் நோயாளிகளையும் குழந்தைகளையும் எண்ணச் சொன்னார்கள். அவர்கள் நாற்பதாயிரம்! நாம் பொட்டலங்களை எண்ணினோம். அவர்களோ வராத மனிதர்களை எண்ணினார்கள். மழை பெய்த பின்னரும், அடைக்கலம் புகுந்த மக்களை உணவும் வாகனமும் கொடுத்தே ஊர் திருப்பியனுப்பினார்கள்.

பேரிடர் வந்ததும், இது யார் செய்த பாவம் என்று ஆராய்வோர் சிலர் நம்மிடையே உண்டு. நீரில் மூழ்கி இறந்தவரை ஷஹீத்களோடு சேர்த்துச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத்துக்கு இந்த ஆராய்ச்சி அழகன்று. சப்ரு செய்யுங்கள் என்று மிம்பரில் நின்று சொல்வது எளிது, நானும் சொல்லியிருக்கிறேன். நனைந்த கட்டிலில் இருப்பவருக்கு, தம்மை ஒருவர் தேடி வருகிறார் என்பதே முதல் ஆறுதல்.

சுனாமியின்போது பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார், திருமணத்திற்கென ஆக்கிய விருந்தை மீனவச் சகோதரர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இறந்தோரின் உடல்களை மீட்டு அடக்கவும் உதவினார்கள். ஊரை ஒருங்கிணைக்கும் ஜமாஅத் அங்கே முன்பே இருந்தது. அலை வந்தபின் கூடி ஆலோசித்துத் தலைவரைத் தேர்ந்திருந்தால் விருந்து ஆறிப்போயிருக்கும்.

எனவே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கியிருக்கிறோம். தெருவுக்கு இரண்டு இளைஞர்கள். தனியாக வாழ்வோர், படுக்கையில் இருப்போர், கருவுற்ற பெண்கள், தாழ்வான வீட்டினர், அவரவர் உண்ணும் மருந்து ஆகியவற்றை எழுத வேண்டும். மதம் பார்த்து எழுத வேண்டாம். மழை எச்சரிக்கை வந்தால் பட்டியலில் உள்ள கதவுகளையே முதலில் தட்ட வேண்டும். விவரங்கள் இரகசியமாக இருக்கட்டும். வெட்கப்படுவோரை வரிசைக்கு அழைக்காமல் இருட்டிய பின் வீட்டில் கொடுத்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். வடக்குத் தெருவுக்கு மட்டும் இன்னும் ஆள் கிடைக்கவில்லை. ஜும்ஆ முடிந்ததும் மோதினாரிடம் பெயர் கொடுக்கலாம்.