தோட்டப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் எதற்கு?

இலவசக் கல்வி உள்ள நாட்டில் தோட்டப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் எதற்கு எனச் சிலர் வினவுகின்றனர். வினா நியாயமானதே. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின்கீழ் கத்தோலிக்க மிஷன் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. ஆயினும் தோட்டப் பாடசாலைகள் 1970களில்தான் அரச பொறுப்புக்கு வரத் தொடங்கின. அத்தாமதத்தின் பாதிப்பு ஊவாத் தோட்டங்களில் இன்னும் நீங்கவில்லை.

உயர்தரத்தில் விஞ்ஞானம், கணிதம் கற்க விரும்பும் பசறை, லுணுகலைத் தோட்டப்புற மாணவர் பலர் பதுளைக்கோ பண்டாரவளைக்கோ செல்ல வேண்டியுள்ளது. அரச பாடசாலையில் கட்டணம் இல்லை. பஸ் கட்டணமும் விடுதிச் செலவுமே அவர்களைத் தடுக்கின்றன. நாட்சம்பளத்தை நம்பி வாழும் குடும்பத்தால் இச்சுமையைத் தாங்க இயலாது.

1940களில் இந்திய அரசு ஏற்படுத்திய தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம் இன்றும் புலமைப்பரிசில் வழங்கி வருகின்றது. கத்தோலிக்க அமைப்புகளும் ஏனைய அறக்கட்டளைகளும் தம்மாலியன்றதைச் செய்கின்றன. எனினும், மேடையமைத்து ஒருமுறை புத்தகப்பை வழங்குவதைவிட, தெரிவுசெய்த பிள்ளைக்கு உயர்தரம் முடியும்வரை மாதந்தோறும் உதவுவதே பயன் தரும்.

தர்மமாகக் கொடுப்போரும் ஸதகாவாகக் கொடுப்போரும் பிள்ளையின் சமயத்தைக் கேளாது, பாடசாலை எவ்வளவு தூரம் என்று கேட்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.