விடத் தெரிந்த பிடி

மைசூரிலிருந்து மேற்கே சில மணி நேரப் பயணம் குடகு. காப்பியும் மிளகும் விளையும் அந்த மண்ணில் பனிப்பொழிவு என்பதே கிடையாது. ஆனாலும் குடகைச் சேர்ந்த பவானி தெக்கடா நஞ்சுண்டா, 2025-இல் சிலி நாட்டில் நடந்த 5 கி.மீ. பனிச்சறுக்குப் பந்தயத்தில் வெண்கலம் வென்றார்.

அவருடையது 'கிராஸ் கன்ட்ரி' வகை. அதில் காலணியின் முன்நுனி மட்டுமே சறுக்குப் பலகையோடு பிணைந்திருக்கும். குதிகாலைத் தூக்கித் தூக்கி வைக்கலாம். காஷ்மீரின் குல்மார்க்கில் கேபிள் காரில் ஏறிச் சரிவில் பாய்ந்து இறங்குபவர்களுக்கோ குதிகாலும் பூட்டியிருக்கும். கேபிள் கார் எட்டாத மலையில் தானே நடந்து ஏறி, தானே சறுக்கி இறங்குவது 'டூரிங்'. ஏறும்போது குதிகால் விடுபட வேண்டும், இறங்கும்போது பூட்ட வேண்டும். காலணியைப் பலகையோடு பிணைத்து, இரண்டுக்கும் ஈடுகொடுக்கும் கருவிதான் டூரிங் பைண்டிங்.

ஏற்றத்தில் பலகையின் அடியில் 'ஸ்கின்' என்ற பட்டையை ஒட்டுவார்கள். அதன் மயிர் ஒரே திசையில் படிந்திருப்பதால் பலகை முன்னே நழுவும், பின்னே வழுக்காது. அடுத்த சிக்கல் எடை. மைசூரின் சாமுண்டி மலையில் ஆயிரம் படிகளையும் காலுக்கு ஒரு கிலோ கட்டிக்கொண்டு ஏறினால், அந்த ஒரு கிலோவை ஆயிரம் முறை தூக்கியதாகிறது. முதுகில் சுமக்கும் எடையைவிடப் பாதத்தில் சுமக்கும் எடை பல மடங்கு ஆற்றலைத் தின்னும்.

ஆஸ்திரியாவின் ஃபிரிட்ஸ் பார்தெல் 1980களில் இந்த எடையைக் குறைக்க வழி கண்டார். காலணியின் முன்நுனியில் இருபுறமும் உள்ள குழிகளை இரண்டு உலோக ஊசிகள் கவ்வும். குதிகாலுக்கு இன்னும் இரண்டு ஊசிகள். காலணியைத் தாங்கக் கனத்த சட்டம் தேவையில்லை. இன்றைய இலகு பைண்டிங்குகள் பலவும் இந்த வழியில் வந்தவையே.

ஆனால் பைண்டிங்கின் வேலை பிடிப்பதோடு முடிவதில்லை. விழும்போது நீண்ட பலகை நெம்புகோலாக மாறிக் காலை முறுக்கும். எலும்பு முறிவதற்குள், முழங்கால் தசைநார் அறுவதற்குள் பைண்டிங் காலணியை விட்டுவிட வேண்டும். எவ்வளவு விசையில் விடுவது என்பதை எடை, உயரம், வயது, காலணியின் அடி நீளம், திறமை ஆகியவற்றைப் பார்த்துக் கணக்கிடுவார்கள். பலகை அடிக்கடி கழல்கிறதே என்று அந்த அளவை நாமே முறுக்கி ஏற்றுவது காலைப் பணயம் வைப்பது.

ஊசி வகையில் கூடுதலாக ஒரு கண்ணி உண்டு. ஏறும்போது முன்நுனியைப் பூட்டினால் விழுந்தாலும் எளிதில் விடாது. உச்சியில் அந்தப் பூட்டைத் திறக்க மறந்து இறங்கினால் ஆபத்து. பனிச்சரிவில் சிக்கினால் கழலாத பலகைகள் ஆளைப் பனிக்குள் இழுக்கும். நுனியின் அடியில் பனி இறுகிக் கிடந்தால் ஊசிகள் முழுதாகக் கவ்வாமலும் போகலாம்.

2018-இல் வந்த சலோமன் நிறுவனத்தின் 'ஷிஃப்ட்' பைண்டிங் ஏறும்போது ஊசியாகவும் இறங்கும்போது வழக்கமான பைண்டிங்காகவும் மாறும். எடை கொஞ்சம் கூடுதல். ஆனால் கழலும் விதம் நம்பகமானது. புதியவர் மிக இலேசானதைத் தேடுவதைவிட இப்படிப்பட்டதை வாடகைக்கு எடுக்கலாம். அதற்கும் முன், குல்மார்க்கில் உள்ள இந்தியப் பனிச்சறுக்கு, மலையேற்ற நிறுவனம் போன்ற இடத்தில் சாதாரணச் சரிவில் விழவும் எழவும் பழக வேண்டும். விசை அளவை விவரம் தெரிந்த தொழில்நுட்பரிடம் சரிபார்த்துக்கொள்வதும், பனிச்சரிவு அபாயம் அறிந்த வழிகாட்டியோடு மட்டுமே மலையேறுவதும் பைண்டிங் வாங்குவதற்கு முந்தைய செலவுகள்.