நான்கு சக்கரமும் தரையில் நிற்க வேண்டும்

படுக்கை, சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி, கூரைமேல் சோலார் தகடு என ஒரு சிறு வீட்டையே சுமந்து திரியும் கேம்பர் வேன்களில் பெரும்பாலானவை சரக்கு வேன்களின் மேல் கட்டப்படுபவை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மெர்சிடிஸ் ஸ்பிரிண்டர், ஃபோர்டு டிரான்சிட், ஃபியட் டுகாட்டோ வகை ஆகிய மூன்றையும்தான் அதிகம் பார்க்கலாம். தார்ச்சாலையை விட்டு இறங்கி மலைப்பாதையிலும் பாலைவனத்திலும் போக ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது ஃபோர் வீல் டிரைவ். இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் எஞ்சின் விசை போகும் வேனை நான்குக்கும் போகும்படி மாற்றித்தரும் பட்டறைகள் இருக்கின்றன. அமெரிக்காவில் அந்தச் செலவு பத்தாயிரம் டாலரை எளிதில் தாண்டும். அதில் ஒரு பங்கு இருந்தால் சஸ்பென்ஷனைச் சீர்செய்துவிடலாம். கையில் உள்ள பணம் இரண்டில் ஒன்றுக்குத்தான் வரும் என்றால், பெரும்பாலான கேம்பர் வேன்களுக்கு அது சஸ்பென்ஷனுக்கே போக வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

காரணம் இந்த வண்டிகளின் பிறப்பிலேயே இருக்கிறது. பார்சல் ஏற்றும் வேன் காலையில் நிறைந்து கிளம்பி மாலையில் காலியாகத் திரும்பும். அதன் கமான் பட்டைகளும் ஷாக் அப்சார்பர்களும் இந்த இரு நிலைக்கும் நடுவே ஒரு சமரசமாக வடிவமைக்கப்பட்டவை. கேம்பர் வேனுக்குக் காலியான மாலை என்று ஒன்று இல்லை. மர அலமாரி, பேட்டரி, குளிர்பெட்டி எல்லாம் ஆணியடித்ததுபோல் நிரந்தரச் சுமை. நூறு லிட்டர் தண்ணீர் நிரப்பினால் இன்னொரு நூறு கிலோ. பட்டை எப்போதும் அமுங்கியே நிற்கும். பள்ளத்தில் இறங்கும்போது சக்கரம் மேலே ஏற மிச்சமிருக்கும் இடம் குறைவு. சட்டென்று ரப்பர் தடுப்பில் முட்டி, அந்த அடி நேரே உடற்சட்டத்துக்குப் போகிறது. அதோடு ஷாக் அப்சார்பரின் வேலை ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது. சுமை கூடிய பிறகு பழைய ஷாக் அப்சார்பரால் அந்த ஆட்டத்தை முன்போல் அடக்க முடியாது. அலையலையாய் வரி விழுந்த மண் பாதையில் மணிக்கணக்காக ஓடினால் உள்ளே இருக்கும் எண்ணெய் சூடேறி, அதன் பிடியும் தளர்ந்துவிடும். கூரையில் ஏசியும் சோலாரும் ஏறியதால் எடையின் மையமும் உயர்ந்திருக்கும். எனவே வளைவில் சாய்வதும் பக்கக் காற்றில் தள்ளாடுவதும் இந்த வண்டிகளின் பொதுக் குணமாகிவிடுகின்றன. இவை எதையும் ஃபோர் வீல் டிரைவ் சரிசெய்யாது. மாறாக, முன் டிஃபரன்ஷியல், டிரான்ஸ்ஃபர் கேஸ், கூடுதல் ஷாஃப்ட் என்று நூறு கிலோவுக்கும் மேல் ஏற்றிவிடும். சாதாரண கார் உரிமத்தோடு ஓட்ட 3,500 கிலோவைத் தாண்டக்கூடாது என்ற எல்லை உள்ள ஐரோப்பிய நாடுகளில் இது சின்ன விஷயம் இல்லை.

ஃபோர் வீல் டிரைவ் செய்வது ஒரே ஒரு வேலை: சக்கரம் வழுக்கும் இடத்தில் விசையைப் பங்கிட்டு வண்டியை முன்னே தள்ளுவது. 2015இல் வட அமெரிக்கச் சந்தைக்கு வந்த ஸ்பிரிண்டர் 4x4 பட்டனை அழுத்தினால் விசையில் நூற்றுக்கு 35 பங்கை முன்னுக்கும் 65 பங்கைப் பின்னுக்கும் அனுப்பியது. ஆனால் சக்கரங்களுக்கிடையே விசையைப் பிரிக்கும் அதன் டிஃபரன்ஷியல்கள் பூட்டு இல்லாதவை. ஒரு சக்கரம் பள்ளத்தின் மேல் அந்தரத்தில் நின்றால் விசை சுலபமாகச் சுழலும் அந்தச் சக்கரத்துக்கே ஓடும். மின்னணு முறையில் அதைப் பிரேக் பிடித்து நிறுத்தித்தான் மற்றச் சக்கரங்களுக்கு விசையை மீட்க வேண்டும். சக்கரம் அந்தரத்தில் நிற்காமல் பள்ளத்தில் இறங்கித் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால் இந்தச் சிக்கலே வராது. அப்படி இறங்கவைப்பது சஸ்பென்ஷன். இழுவை எஞ்சினிலிருந்து வருவதாக நாம் நினைக்கிறோம். அது பிறப்பது டயரும் தரையும் தொடும் உள்ளங்கை அகலத்தில்.

இந்த வண்டிகள் உண்மையில் போகும் பாதைகளைப் பாருங்கள். கலிஃபோர்னியாவின் டெத் வேலியில், தானாக நகரும் பாறைகளுக்குப் பேர்போன ரேஸ்டிராக் படுகைக்கு யூபிஹீபி எரிமலை வாயிலிருந்து சுமார் 43 கிலோமீட்டர் மண் பாதை. வண்டியை அங்கே சோதிப்பவை வரி விழுந்த தரையும் கூரான கற்களும். அலாஸ்காவில் ஆர்க்டிக் கடலுக்கு அருகேவரை 666 கிலோமீட்டர் ஓடும் டால்டன் நெடுஞ்சாலைக்குப் போகிறவர்களை இரண்டு ஸ்டெப்னி டயர் எடுத்துச் செல்லச் சொல்கிறார்கள். இரண்டிலும் வண்டியை அதிகம் சோதிப்பது பஞ்சரும் அதிர்வும்தான். உண்மையாகவே ஃபோர் வீல் டிரைவ் தேவைப்படும் பாதைகளும் உண்டு. யூட்டாவின் கேன்யன்லேண்ட்ஸ் பூங்காவில் ஒயிட் ரிம் பாதை அப்படிப்பட்டது. ஆனால் அங்கே பூங்கா நிர்வாகம் கேட்பது உயரமான அடிவயிறும், மெதுவாகவும் வலுவாகவும் ஊர்ந்து செல்ல உதவும் லோ கியர் உள்ள ஃபோர் வீல் டிரைவும். 2023 முதல் ஸ்பிரிண்டரில் வரும் புதிய ஆல் வீல் டிரைவில் லோ கியர் கிடையாது. அமெரிக்காவில் 2020இல் வந்த டிரான்சிட்டின் ஆல் வீல் டிரைவிலும் இல்லை. பெரும்பணம் கொடுத்து வாங்கிய வசதி, அது மிகவும் தேவைப்படும் பாதையின் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

பனிக்கு என்ன செய்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கொலராடோவில் மலைகளின் ஊடே போகும் ஐ-70 நெடுஞ்சாலையில் செப்டம்பர் முதல் மே வரை தனி டயர் விதி உண்டு. அந்த விதி ஃபோர் வீல் டிரைவை ஏற்பதுபோலவே, நல்ல பனிக்கால டயர் மாட்டிய இரு சக்கர இயக்க வண்டியையும் ஏற்கிறது. அதில் பொருள் இருக்கிறது: பனியில் உயிரைக் காப்பது கிளம்பும் திறனைவிட நிற்கும் திறனும் திரும்பும் திறனும்தான். பிரேக் எல்லா வண்டியிலும் நான்கு சக்கரத்திலும்தான் பிடிக்கிறது. ஃபோர் வீல் டிரைவ் இருப்பதால் நிறுத்தும் தூரம் ஒரு அடிகூடக் குறைவதில்லை.

என் வாதம் முழுதாகப் பொருந்தாத வண்டியும் ஒன்று உண்டு, அது டுகாட்டோ. அமெரிக்காவில் ராம் புரோமாஸ்டர் என்று விற்பதும் அதன் உறவுதான். இது முன்சக்கர இயக்கம். கேம்பராக மாறியதும் சுமை பின்னால் குவிகிறது. ஏற்றத்தில் எடை இன்னும் பின்னால் சரிகிறது. இழுக்க வேண்டிய முன்சக்கரம் கனமிழந்து, ஈரப் புல்தரையில்கூடச் சுழன்றபடி நிற்கும். பின்சக்கர இயக்கமுள்ள ஸ்பிரிண்டருக்கோ அதே சுமை உதவியாக அமைகிறது. எனவே ஃபிரான்சில் அல்சாஸ் பகுதியின் டாங்கெல் நிறுவனம் டுகாட்டோ வகை வேன்களுக்குச் செய்துதரும் நான்கு சக்கர மாற்றத்தை வீண் ஆடம்பரம் என்று சொல்லமாட்டேன்.

இன்னொரு மறுப்பும் வலுவானது. சஸ்பென்ஷனை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஃபோர் வீல் டிரைவைத் தொழிற்சாலையிலேயே வாங்காவிட்டால் பிறகு சேர்ப்பது பெரும்பாடு. புதிய வண்டி வாங்குகிறவர், செங்குத்தான பனிமலை ஊரில் வாழ்கிறவர் என்றால் இதை ஏற்கிறேன். ஆனால் பழைய வேனை மாற்றியமைப்பது பற்றிய பேச்சில் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. ஃபோர்டு ஈ-சீரிஸ் வேன்களை நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றிய பல அமெரிக்கப் பட்டறைகள் முன்புற அமைப்பையே கழற்றி எறிந்து, முழு ஆக்சில், புதிய ஸ்பிரிங், புதிய ஷாக் அப்சார்பர், மாற்றிய ஸ்டீயரிங் என்று மறுபடி கட்டின. ஃபோக்ஸ்வாகனுக்காக ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஸ்டையர்-டைம்லர்-புக் தயாரித்த சின்க்ரோ வேனிலும் அதே கதை: 16 அங்குலச் சக்கர வகைக்கு உடலை வலுப்படுத்தி, சக்கரத்தின் ஏற்ற இறக்கத் தூரத்தையும் கூட்டினார்கள். பெயரெடுத்த மாற்றங்கள் சஸ்பென்ஷன் வேலையைத் தள்ளிப்போடவில்லை.

சஸ்பென்ஷன் விற்பவர்கள் சொல்வதெல்லாம் உண்மை என்றும் ஆகாது. வண்டியைத் தூக்கிக் காட்டும் லிஃப்ட் கிட் படத்துக்கு அழகு. ஆனால் ஏற்கெனவே உயர்ந்திருக்கும் எடை மையத்தை இன்னும் உயர்த்தி, டிரைவ் ஷாஃப்ட் மூட்டுகளைக் கோணலாக்குகிறது. வழுக்கலை அடக்கும் மின்னணு அமைப்பும் பழைய உயரத்துக்கு அளந்து வைத்தது. காற்று ஸ்பிரிங் தொங்கும் பின்பகுதியை நிமிர்த்தும், ஆட்டத்தை அடக்காது. அளவுக்கு மீறிக் கெட்டியான பட்டை போட்டால் சக்கரம் பள்ளத்தில் இறங்காமல், முன்பு சொன்ன அந்தர நிலையே திரும்பும். ஸ்பிரிங்கை மாற்றியதால் மட்டும் வண்டியின் சட்டபூர்வ எடை வரம்பு தானாகக் கூடிவிடாது.

எனவே வேனை மாற்ற நினைப்பவர் பட்டறைக்கு முன் எடை மேடைக்குப் போக வேண்டும். தண்ணீரும் ஆட்களும் ஏறிய நிலையில் முன் ஆக்சிலையும் பின் ஆக்சிலையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்க வேண்டும். அந்த இரு எண்களுக்கேற்ற பட்டையும் ஷாக் அப்சார்பரும் முதலில். கூடவே தரமான டயர், மணலில் காற்றைக் குறைத்துப் பிறகு ஏற்ற ஒரு கம்ப்ரசர், ஒரு மண்வெட்டி, சக்கரத்தடியில் போடும் இரண்டு பலகைகள். இவற்றோடு ஒரு வருடம் ஓடியபின்னும் ஒரே வகைப் பாதையில் வண்டி திரும்பத் திரும்ப மாட்டிக்கொண்டால், அந்தப் பாதையை மனதில் வைத்து ஃபோர் வீல் டிரைவுக்கு விலை கேட்கலாம். லோ கியர் வேண்டுமா, டிஃபரன்ஷியல் பூட்டு வேண்டுமா என்பதையும் அப்போது அந்தப் பாதையே சொல்லும்.