காட்டைத் திறக்கும் நாளை யார் குறிப்பது?

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய தீ, மலையேறப் போன 23 பேரின் உயிரைக் குடித்தது. அவர்கள் போன கொழுக்குமலைப் பாதைக்கு வனத்துறையின் அனுமதி இருக்கவில்லை. அதே ஆண்டில் மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளுடன், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளை வைத்து, 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் வந்தது. பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீக்காலம் என்று பாதைகளை மூடுகிறார்கள். மூடுவது சரி. ஆனால் கோடைமழை தேதி பார்த்துப் பெய்வதில்லை. மூடுவதற்கு நாள்காட்டி போதும். திறப்பதற்கு அது போதாது.

மலைச்சரிவில் தீ மேல்நோக்கி ஓடும். அந்த வேகத்துக்கு மனிதனால் ஈடுகொடுக்க முடியாது. எனவே புல் பச்சை பிடிக்கும்வரை பாதையைத் திறப்பது ஆபத்து. எரிந்த காட்டிலோ தீ அணைந்த பிறகும் ஆபத்து தீராது. வேர் கருகிய மரம் காற்றில்லாமலும் சாயும். பிடிமானம் இழந்த மண் முதல் மழையில் கல்லோடு சரியும். 2020-இல் ஆஸ்திரேலியாவின் நமாட்ஜி தேசியப் பூங்காவில் ஏறத்தாழ 80 சதவீதம் எரிந்தது. அதை ஒரே நாளில் திறந்துவிடவில்லை. பாதுகாப்பான பகுதிகளை மட்டும் படிப்படியாகத் திறந்தார்கள். அந்த நாட்டிலிருந்து வந்த தைலமரம்தான் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் காடுகாடாக நிற்கிறது. அதன் இலையில் எண்ணெய், அடியில் காய்ந்த சருகு. ஆகவே இது மலைநாட்டுக்காரர்களின் கவலை மட்டுமல்ல.

திறப்பு தள்ளிப்போனால் வழிகாட்டிகளாக இருக்கும் பழங்குடி இளைஞர்களின் கூலி போகுமே என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் தீத்தடுப்புக் கோடு வெட்டவும், சருகு அகற்றவும், புகை கண்டால் தகவல் சொல்லவும் ஆள் தேவைப்படுவது அந்த மாதங்களில்தான். அந்த வேலையை அவர்களுக்கே கொடுத்துக் கூலியும் தரலாம். மூடிவைத்தால் திருட்டுத்தனமாக நுழைவார்கள் என்பது இன்னொரு வாதம். அதற்கும் விடை, காட்டை அறிந்த அதே ஆட்களைக் காவலுக்கு வைப்பதுதான். பாதை பாதையாக நடந்து பார்த்து அவர்கள் சொல்லும் நிலவரத்தை வனச்சரக அலுவலகம் எழுதி ஒட்டட்டும். திறக்கும் தேதியை அதன் பிறகு அறிவிக்கட்டும்.